ஒரே சாலையில் ஒரு யாத்திரை: 'ஃபைனல் ஃபேன்டஸி 10' விளையாட்டின் பலமும் பலவீனமும்

காணொளி விளையாட்டு என்றாலே சுடுவதும் துரத்துவதும்தான் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. வரவேற்பறையில் பிள்ளை விளையாட்டுக் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு, பொத்தான் எதையும் அழுத்தாமல், திரையில் இரண்டு பேர் பேசுவதையே பத்து நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், "இது விளையாட்டா, நாடகமா?" என்று கேட்கத் தோன்றும். இரண்டும்தான். 'ரோல்-பிளேயிங்' என்று அழைக்கப்படும் வகை அது. விளையாட்டாளர் ஒரு கதைமாந்தரின் இடத்தில் நின்று, ஊர் ஊராகப் போய், ஆட்களிடம் பேசி, பகைவரோடு மோதி, கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் சேர்த்து, ஒரு நீண்ட கதையின் முடிவைப் போய்ச் சேர்கிறார். ஒரு விளையாட்டை முடிக்க 40 மணி நேரம் ஆவது இந்த வகையில் சாதாரணம்.

இந்த வகையின் நல்லதும் கெட்டதும் ஒரே இடத்தில் கலந்து கிடக்கும் விளையாட்டு 'ஃபைனல் ஃபேன்டஸி 10'. ஜப்பானின் ஸ்குவேர் நிறுவனம் 1987இல் தொடங்கிய தொடரின் பத்தாவது பாகம். பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக 2001 ஜூலையில் ஜப்பானிலும், அதே ஆண்டு டிசம்பரில் வட அமெரிக்காவிலும் வெளிவந்தது. 2006இல் ஜப்பானிய இதழான 'ஃபாமிட்சு' நடத்திய வாசகர் வாக்கெடுப்பில், எல்லாக் காலத்துக்குமான சிறந்த விளையாட்டாக முதலிடம் பிடித்தது. 2023இல் தோக்கியோவில் கபுக்கி நாடகமாக மேடையேறியது. இடையில் படத்தைத் துலக்கிய மறுபதிப்பு ஒன்று வந்து, பிளேஸ்டேஷன் 4, கணினி, நிண்டெண்டோ சுவிட்ச், எக்ஸ்பாக்ஸ் ஒன் என்று பரவிவிட்டது. இளவயதில் பிளேஸ்டேஷன் 2 வைத்து விளையாடியவர்கள் இன்று பெற்றோர். அவர்கள் விளையாடிய அதே கதை இப்போது பிள்ளைகளின் சுவிட்ச் கருவியிலும் ஓடுகிறது.

இத்தனை புகழுக்கு நடுவிலும் இந்த விளையாட்டின் மீது ஒரு குற்றச்சாட்டு இருபது ஆண்டுகளாக ஓயவில்லை. 'நேரே நடக்க வைக்கிறது, அவ்வளவுதான்' என்பதே அது. குற்றச்சாட்டு உண்மை. ஆனால் அந்த நேர்ச்சாலை இல்லாவிட்டால் இதன் கதையும் இல்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. அப்படிப் பேசும்போது கதையின் முடிவையும் சொல்லாமல் இருக்க முடியாது. முடிவு தெரியாமல் விளையாட விரும்புபவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாருக்கும் தெரிந்த இரகசியம்

கதை நடக்கும் உலகின் பெயர் ஸ்பைரா. தீவுகள், கடற்கரை, அடர்ந்த காடு, கோயில்கள். தென் பசிபிக், தாய்லாந்து, ஜப்பான் ஆகிய இடங்களின் சாயலில் இந்த உலகத்தை அமைத்ததாக உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, ஐரோப்பியக் கோட்டை கொத்தளங்களையே காட்டும் மற்ற கற்பனை விளையாட்டுகளைவிட இதன் முதல் தீவான பெசெய்ட் நம் பக்கத்து வெயிலுக்குப் பழக்கப்பட்ட இடம்போலத் தெரிகிறது. நாயகன் டீடஸின் பெயரும் ஓக்கினாவா மொழியில் சூரியனைக் குறிக்கும் 'தீடா' என்ற சொல்லிலிருந்து பிறந்தது.

ஸ்பைராவைச் 'சின்' என்ற மாபெரும் உருவம் ஆயிரம் ஆண்டுகளாக அழித்துக்கொண்டே இருக்கிறது. ஊர்கள் கட்டப்படும், சின் வரும், ஊர் தரைமட்டமாகும். அதை எதிர்க்க ஒரே வழி உண்டு என்கிறது ஊரை ஆளும் யெவோன் சமயம். 'சம்மனர்' எனப்படும் அழைப்பாளர் ஒருவர், காவலர்கள் சிலரோடு கோயில் கோயிலாக யாத்திரை போக வேண்டும். ஒவ்வொரு கோயிலிலும் ஒரு சக்தி உருவின் துணையைப் பெற வேண்டும். இறுதியில் ஸானர்கண்ட் என்ற பாழ்நகரை அடைந்து கடைசிச் சக்தியைப் பெற்றால் சின்னை வீழ்த்தலாம். ஆனால் சில ஆண்டுகளில் சின் மறுபடி பிறந்துவிடும். அந்த இடைவெளியைத்தான் மக்கள் அமைதிக் காலம் என்கிறார்கள்.

யூனா அப்படி யாத்திரை கிளம்பும் பதினேழு வயதுப் பெண். அவளுடைய தந்தை பிராஸ்கா பத்து ஆண்டுகளுக்கு முன் சின்னை வீழ்த்தியவர். டீடஸோ வேறொரு காலத்திலிருந்து வந்து விழுந்தவன்போல இருக்கிறான். ஸ்பைராவின் வழக்கம் எதுவும் அவனுக்குத் தெரியாது. அவன் கேட்கும் கேள்விகள் விளையாட்டாளரின் கேள்விகள். புது உலகத்தை விளக்க நீண்ட முன்னுரை தேவையில்லாமல் போனதற்கு இதுவே காரணம்.

யாத்திரை முழுக்க டீடஸ் யூனாவிடம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிறான். எல்லாம் முடிந்ததும் அங்கே போகலாம், இதைப் பார்க்கலாம் என்கிறான். கூட வருபவர்கள் முகம் திருப்பிக்கொள்கிறார்கள். பாதிக் கதை தாண்டியபின், பிக்கானெல் பாலைவனத்தில், அவனுக்கு உண்மை தெரிய வருகிறது. கடைசிச் சக்தியை அழைக்கும் சம்மனர் உயிர் பிழைப்பதில்லை. யூனா சாகத்தான் நடந்துகொண்டிருக்கிறாள். இது அவளுக்குத் தெரியும், காவலர்கள் அனைவருக்கும் தெரியும், வழியில் கும்பிட்டு வழியனுப்பிய ஊர்க்காரர்களுக்கும் தெரியும்.

அரவான் களப்பலிக் கூத்துப் பார்க்க உட்காருகிறவருக்கு முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கும். மேடையில் நிற்பவரின் துயரத்தை அந்த அறிவோடுதான் பார்ப்பார். இங்கே அது தலைகீழாக இருக்கிறது. மேடையில் இருக்கும் எல்லாருக்கும் முடிவு தெரியும். நாயகனுக்கும் பார்ப்பவருக்கும் மட்டுமே தெரியாது. உண்மை வெளிவந்த அந்தக் கணத்தில், இருபது மணி நேரமாகச் சாதாரணமாகக் கடந்து வந்த உரையாடல்கள் எல்லாம் பின்னோக்கி மாறிவிடுகின்றன. திரைப்படம் இரண்டரை மணி நேரத்தில் இதைச் செய்யலாம். ஆனால் பார்ப்பவரே தன் கையால் அந்தப் பெண்ணை ஒவ்வொரு கோயிலாக நடத்திக் கூட்டி வந்திருக்கிறார் என்ற உறுத்தலை விளையாட்டுத்தான் தர முடியும்.

இணையத்தில் கேலிக்கு ஆளான ஒரு காட்சி உண்டு. லூகா நகரில் டீடஸ் செயற்கையாக, உரக்க, காது கூசச் சிரிப்பான். யூனாவும் சேர்ந்து சிரிப்பாள். 'இவ்வளவு மோசமான குரல் நடிப்பா' என்று அந்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டிப் பரப்பியவர்கள் ஏராளம். உண்மையில் அது செயற்கையாகவே இருக்க வேண்டிய சிரிப்பு. மனம் நொந்திருப்பவனை வலியச் சிரிக்கச் சொல்கிறாள் யூனா. சிரிப்போடு இந்தப் பயணத்தைப் போக விரும்புவதாகச் சொல்கிறாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்பது இரண்டாம் முறை விளையாடும்போதுதான் புரியும்.

தந்தையும் மகனும்

யூனாவின் கதைக்கு இணையாக இன்னொன்று ஓடுகிறது. அதைப் பலர் போதிய அளவு பேசுவதில்லை. டீடஸின் தந்தை ஜெக்ட் பெரிய விளையாட்டு வீரர், குடிகாரர், மகனை 'அழுமூஞ்சி' என்று சீண்டிக்கொண்டே இருந்தவர். ஒருநாள் கடலில் காணாமல் போனவர். மகன் மனத்தில் வெறுப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. ஆனால் யாத்திரைப் பாதையில், பத்து ஆண்டுகளுக்கு முன் அதே வழியாகப் போன தந்தை விட்டுச்சென்ற காட்சிப் பதிவுகள் ஒவ்வொன்றாகக் கிடைக்கின்றன. குடித்துவிட்டு ஓர் அப்பாவி விலங்கைத் தாக்கியதும், அதற்காக உடன் வந்தவர் இழப்பீடு கொடுக்க நேர்ந்ததும், அன்றோடு குடியை விட்டதும் தெரிய வருகிறது. மக்கலானியா காட்டில் கிடைக்கும் பதிவில், நேரில் என்றும் மகனிடம் சொல்லாததை அந்த மனிதர் தட்டுத் தடுமாறிச் சொல்கிறார்.

குடியால் பிரிந்த குடும்பங்களை அறிந்த வாசகர்களுக்கு இந்தப் பகுதி தூரத்துக் கற்பனையாகத் தோன்றாது. தந்தை நல்லவராக மாறிவிட்டார், ஆகவே மகன் மன்னித்துவிட்டான் என்று கதை எளிதாக முடித்துவிடவும் இல்லை. இறுதியில் அழிவு உருவமாகிப் போன தந்தையோடுதான் மகன் மோத வேண்டியிருக்கிறது. அந்தச் சண்டையில் வாள், மந்திரம் ஆகிய கட்டளைகளோடு 'பேசு' என்றும் ஒரு கட்டளை இருக்கிறது. டீடஸ் பேசினால் ஜெக்டின் பெருந்தாக்குதல் ஒத்திப்போகும். இரண்டு முறைதான் அது பலிக்கும். கதையையும் விளையாட்டையும் ஒரே பொத்தானில் இணைத்த இடம் இது.

வாக்காவின் தவறு

கதையின் இன்னொரு பலம், நல்லவன் ஒருவனின் தப்பான எண்ணத்தை அது மறைக்காமல் காட்டும் விதம். காவலர்களில் ஒருவனான வாக்கா இனிமையானவன், பக்திமான். ஆனால் அல் பெட் என்ற இனத்தாரை அவனுக்கு ஆகாது. யெவோன் சமயம் விலக்கி வைத்த இயந்திரங்களை அவர்கள் பயன்படுத்துகிறார்கள். தன் தம்பி அவர்களுடைய ஆயுதத்தோடு போருக்குப் போய் இறந்ததால் வெறுப்பு இன்னும் ஆழம். யூனாவின் தாய் அல் பெட் பெண் என்பதும், தன்னோடு சிரித்துப் பேசி வரும் ரிக்கு அதே இனத்தவள் என்பதும் அவனுக்குத் தெரியாமலே வெகுதூரம் நடந்திருக்கிறான்.

அந்த இனத்தாரின் மொழியே விளையாட்டின் ஓர் அங்கம். எழுத்துக்கு எழுத்து மாற்றிப் போட்ட சங்கேத மொழி அது. உலகம் முழுவதும் சிதறிக் கிடக்கும் 26 அரிச்சுவடிகளில் ஒன்றைக் கண்டெடுக்கும்போது ஓர் எழுத்து புரியத் தொடங்கும். முதலில் பிதற்றலாகக் கேட்டவர்கள் மெல்ல மெல்ல மனிதர்களாகப் பேச ஆரம்பிக்கிறார்கள். ஒரு மொழியைக் கற்றுக்கொண்டால் அம்மக்கள் மீதான அச்சம் என்னாகும் என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டிய விளையாட்டுகள் குறைவு. பின்னர், இயந்திரத்தைத் தடை செய்த தலைமைக் கோயிலே இயந்திரங்களால் நிறைந்திருப்பது வெளிப்படும்போது வாக்கா நிலைகுலைந்து போவதும் நம்பும்படி இருக்கிறது.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கவனிக்கலாம். சமய அமைப்பு ஒன்று மக்களை ஏமாற்றுவதாகச் செல்லும் கதை இது. சின்னை ஒழிக்க முடியாது என்பது தெரிந்தே தலைமுறை தலைமுறையாக இளையோரைச் சாக அனுப்புகிறது அந்த அமைப்பு. நிஜ உலகின் எந்தச் சமயத்தையும் அது குறிக்கவில்லை. ஆனாலும் கேள்வி கேட்கும் வயதுப் பிள்ளைகள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். அமெரிக்கத் தரப்பிரிவு இதற்கு 13 வயதும் அதற்கு மேலும் என்று வரம்பு வைத்திருக்கிறது.

கொசுறாக ஒன்று. யூனா அழைக்கும் சக்தி உருவங்களில் ஒன்றின் பெயர் 'ஷிவா'. பனியை ஏவும் ஒரு பெண் உருவம் அது. 1990இல் வந்த மூன்றாம் பாகத்திலிருந்தே இந்தத் தொடரில் அந்தப் பெயர் அப்படித்தான் புழங்குகிறது. சிவபெருமானுக்கும் அதற்கும் பெயர் ஒற்றுமைக்கு மேல் அதிகம் எதுவும் இல்லை. முதன்முறை பார்க்கும் நம்மவர்கள் சற்றுத் திகைப்பது இயல்பு.

சண்டையில் அவசரம் இல்லை

சண்டை முறையைக் குறை சொல்பவர்கள் குறைவு. ஒருவர் மாற்றி ஒருவர் முறை வைத்துத் தாக்கும் சண்டை. அடுத்து யாருடைய முறை, அதற்கடுத்து யார் என்ற வரிசை திரையின் ஓரத்திலேயே தெரியும். சதுரங்கம்போல நின்று யோசிக்கலாம். காலம் ஓடாது. முந்தைய பாகங்களில் விளையாட்டாளர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி அடித்துவிட்டுப் போவான். அந்தப் பதற்றம் இதில் இல்லை. விரைவாகக் கைவராத பெரியவர்களும் விளையாட முடிவது இதனால்தான்.

ஏழு பேரில் மூன்று பேர் மட்டுமே களத்தில் நிற்பார்கள். ஆனால் சண்டை நடுவில் யாரையும் உடனே மாற்றி இறக்கலாம். பறக்கும் எதிரிக்கு வாக்காவின் பந்து, கடினத் தோல் உள்ளதற்கு ஆரோனின் கனத்த வாள், விரைந்து நழுவும் ஓநாய்க்கு டீடஸ், கூழ்போன்ற உருவத்துக்கு லூலூவின் மந்திரம், இயந்திரத்தைக் கழற்றிப்போட ரிக்கு என்று ஒவ்வொருவருக்கும் வேலை உண்டு. பாதுகாப்புக்கு என்று உடன் வரும் கிமாரி மட்டும் எதற்கும் பொருந்தாமல் நிற்கிறான். அவனுக்கெனத் தனி வழி அமைக்காமல் விட்டது வெளிப்படையான குறை.

இன்னொரு சிக்கலும் உண்டு. சண்டையில் ஒரு செயலாவது செய்தவருக்குத்தான் வளர்ச்சிப் புள்ளி சேரும். எனவே யாரும் பின்தங்காமல் இருக்க, எளிய சண்டையில்கூட ஒவ்வொருவரையும் இறக்கி, ஒரு தடுப்பாவது செய்யவைத்து, வெளியே எடுத்து, அடுத்தவரை இறக்கி என்று விளையாட்டாளர் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர்போல ஆகிவிடுகிறார். நாலு அடி நடந்தால் எங்கிருந்தோ சண்டை வந்து விழும் முறையும் சேர்ந்துகொள்ள, இருபது மணி நேரத்துக்குப் பிறகு அலுப்புத் தட்டுகிறது.

அந்தப் புள்ளிகளைக் கொண்டு பலம் பெறும் முறையும் இதே கதைதான். தாயக்கட்டம்போல விரிந்த ஒரு பெரிய வரைபடத்தில் ஒவ்வொருவரும் கட்டம் கட்டமாக நகர்ந்து ஆற்றல்களைப் பெறுவார்கள். பார்க்க எத்தனையோ வழிகள் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் மூலப் பதிப்பில் பூட்டுகள் தடுப்பதால், முக்கால்வாசி ஆட்டம்வரை ஒருவருக்கு ஒரே வழிதான். மறுபதிப்பில் தொடக்கத்திலேயே இன்னும் திறந்த வரைபடத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அதை எடுப்பது நல்லது.

சாலை குறுகும் இடங்கள்

நேர்ச்சாலைக்கு வருவோம். முந்தைய பாகங்களில் உலக வரைபடம் ஒன்று திறந்திருக்கும். நினைத்த திசையில் போகலாம். இதில் அதை எடுத்துவிட்டார்கள். பெசெய்ட்டிலிருந்து கிலிகா, கிலிகாவிலிருந்து லூகா, அங்கிருந்து மீஹென் நெடுஞ்சாலை என்று ஒரே பாதை. ஓரத்தில் பெட்டி ஏதாவது இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மீண்டும் நடக்க வேண்டியதுதான். பின்னர் பறக்கும் கப்பல் கிடைக்கும்போதுகூட வானில் பறக்க முடியாது. ஊர்ப்பெயர்ப் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் அங்கே இறக்கிவிடும்.

யாத்திரை என்பதால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பாதயாத்திரை போகிறவர் குறுக்குவழி தேடுவதில்லை. அடுத்த கோயில் நெருங்க நெருங்க யூனாவின் ஆயுளும் குறைகிறது என்ற கனம், முன்னால் மட்டுமே போகக்கூடிய பாதையில்தான் ஏறும். சுற்றித் திரிய விட்டிருந்தால் அது கரைந்திருக்கும்.

சிக்கல் கதையின் உச்சத்தில் வருகிறது. ஸானர்கண்டில், கடைசிச் சக்தியாக மாறக் காவலர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி யூனாவிடம் கேட்கப்படுகிறது. அப்படி மாறியவரே அடுத்த சின்னாகப் பிறப்பார் என்பதும் அங்கேதான் தெரிகிறது. யூனா மறுக்கிறாள். ஆயிரம் ஆண்டு வழக்கத்தை ஏற்க மாட்டேன் என்கிறாள். போட்டுவைத்த பாதையை விட்டு விலகுங்கள் என்று சொல்லும் கதை இது. ஆனால் அந்த முடிவில் விளையாட்டாளருக்குப் பங்கில்லை. பொத்தானை அழுத்தி உரையாடலை நகர்த்துவது தவிர அவர் செய்வது ஒன்றுமில்லை. யூனாவுக்குக் கிடைத்த துணிச்சல் அவளோடு இத்தனை தூரம் வந்தவருக்குக் கிடைக்கவில்லை. இந்த விளையாட்டின் ஆகப் பெரிய குறை எது என்று கேட்டால், வரைபடம் இல்லாததைவிட இதைத்தான் சொல்ல வேண்டும்.

அதே இடத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. பிளேஸ்டேஷன் 2 பதிப்பில் கதைக் காட்சிகளைத் தாண்டிச் செல்ல முடியாது. நீண்ட காட்சி, அதன் முடிவில் கடினமான சண்டை. தோற்றால் பதிவுசெய்த இடத்திலிருந்து மறுபடி முழுக் காட்சி. ககசெட் மலையில் சீமோருடன் மோதும்போதும் இதே பாடுதான். முதல்முறை கண்கலங்க வைத்த வசனம் ஐந்தாம் முறை எரிச்சலூட்டும்.

வில்லனான சீமோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான்கு முறை சண்டைக்கு வருகிறான். இரண்டாவது முறைக்குப் பிறகு அவன் வருகை பயத்தைத் தரவில்லை, 'மறுபடியுமா' என்றுதான் தோன்றுகிறது. இத்தனைக்கும் அவன் அப்படி ஆனதற்கு வலுவான காரணம் உண்டு. மகனுக்காகத் தன்னையே பலி கொடுத்த தாயின் கதை அது. ஆனால் அது ஒரு சிறிய காட்சியிலும், கட்டாயமில்லாத ஒரு மூலையிலும் ஒளிந்திருக்கிறது. தேடிப் போகாதவருக்கு அவன் வெறும் பைத்தியக்காரனாகவே மிஞ்சுவான்.

நீருக்கடியில் ஆடும் பந்து விளையாட்டான பிளிட்ஸ்பாலும், மற்ற பக்க வேலைகளும் ஆளைப் பொறுத்தவை. சிறந்த ஆயுதம் பெற இடிச் சமவெளியில் மின்னலுக்கு 200 முறை தொடர்ந்து தப்ப வேண்டும்; ஒன்று தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. இதில் கதையும் இல்லை, திறமையும் அதிகம் இல்லை. பொறுமையைச் சோதிப்பது மட்டும்தான்.

குரலும் பெயரும்

இந்தத் தொடரின் முதன்மைப் பாகங்களில் கதைமாந்தர்கள் வாய்திறந்து பேசியது இதில்தான் முதல்முறை. ஜப்பானிய மொழிக்கு ஏற்ப அசைந்த உதடுகளுக்குள் ஆங்கில வசனத்தைப் பொருத்த வேண்டியிருந்தது. யூனா சில இடங்களில் விட்டு விட்டு, தயங்கித் தயங்கிப் பேசுவதுபோல் கேட்பதற்கு அதுவே காரணம். ஆரோனின் கனத்த குரல் நன்றாக அமைந்துவிட்டது. டீடஸின் குரல் ஆரம்பத்தில் துள்ளலாக இருந்து சலிப்பூட்டினாலும், சொந்த மரணத்தை அறிந்தபின் அதே குரல் அடங்கிப்போவது தெரியும்.

ஆம், அவனுக்கும் முடிவு உண்டு. அவனும் அவனுடைய ஸானர்கண்டும் உறங்கும் ஆவிகள் காணும் கனவு. சின் ஒழிந்தால் கனவும் கலையும். யூனாவைக் காப்பாற்றக் கிளம்பியவன், தான் மறைவோம் என்பதை அவளிடம் சொல்லாமல் நடக்கிறான். முதல் பாதியில் அவள் செய்ததை இரண்டாம் பாதியில் அவன் செய்கிறான்.

கடைசிச் சண்டை விளையாட்டு என்ற வகையில் சப்பென்று இருக்கிறது. ஜெக்டுடனான மோதல் முடிந்தபின், இதுவரை துணை நின்ற சக்தி உருவங்களை யூனாவே ஒவ்வொன்றாக அழைத்து, தன் தோழர்கள் கையால் வீழ்த்த வேண்டும். இந்தக் கட்டத்தில் வீழ்ந்தவர் தானாகவே எழுந்துவிடுவதால் தோற்பது ஏறக்குறைய முடியாத காரியம். சவாலை எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் அது இறுதிச்சடங்கைப்போல நடக்கிறது. பெசெய்ட்டில் கிடைத்த முதல் துணையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் விடைகொடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் யாரும் தோற்றுத் திரும்பி வரும்படி செய்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். இங்கே உருவாக்கியவர்கள் விளையாட்டை விட்டுக்கொடுத்துக் கதையைக் காப்பாற்றினார்கள். அது சரியான முடிவுதான்.

பிரியும் நேரத்தில் யூனா சொல்லும் சொல் மொழிக்கு மொழி வேறு. ஜப்பானிய மூலத்தில் அவள் நன்றி மட்டும் சொல்கிறாள். ஆங்கிலத்தில் அது காதலைச் சொல்லும் வாக்கியமாக மாறியது. எது சரி என்ற வாதம் இன்னும் இரசிகர்களிடையே இருக்கிறது. எல்லாவற்றையும் அடக்கி நன்றி என்ற ஒரே சொல்லில் வைப்பது தமிழ்க் காதுக்கு நெருக்கமாகவே படும்.

இன்னொன்று, பலர் பலமுறை விளையாடியும் கவனிக்காதது. நாயகனுக்கு விரும்பிய பெயரை விளையாட்டாளர் வைக்கலாம் என்று விட்டிருந்தார்கள். அப்படி வைக்கும் பெயரைக் குரல் நடிகர்கள் உச்சரிக்க வழியில்லை. எனவே கதை முழுக்க ஒருவர்கூட அவனைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவனைத் தேடி ஓடிவரும் யூனாவும்கூட. தொழில்நுட்பக் காரணத்தால் வந்த ஓட்டை இது. கனவாகக் கலையப்போகிறவனுக்கு அது பொருந்திப்போனது தற்செயல்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

இன்று கடைகளிலும் இயங்கலையிலும் கிடைப்பது மறுபதிப்பு. 2003இல் வந்த தொடர்ச்சியான 'ஃபைனல் ஃபேன்டஸி 10-2' அதோடு சேர்ந்தே வருகிறது. முதல் கதையின் பிரிவை அது இளக்கிவிடுவதால், உடனே அதைத் தொடங்காமல் சில நாள் இடைவெளி விடலாம். ஆங்கிலத்தில் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால்தான் கதையைத் தொடர முடியும். தமிழ் வாசகர்களில் சின்னப் பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் உடன் உட்கார்ந்தால் இருவருக்குமே பொழுது நன்றாகப் போகும்.

மறுபதிப்பில் ஒரு கண்ணி உள்ளது. இதில், ஜப்பானில் 2002இல் வந்த விரிவுப் பதிப்பின் கூடுதல் எதிரிகளும் இருக்கிறார்கள். பறக்கும் கப்பல் கிடைத்தபின் பழைய ஊர்களுக்குத் திரும்பினால், அங்கே இருண்ட சக்தி உருவங்கள் வழிமறிக்கும். கதையின் இறுதி எதிரியான ஜெக்டின் இரண்டாம் உருவுக்கு உயிர்ப்புள்ளி 120,000. ஆனால் பெசெய்ட் வாசலில் நிற்கும் இருண்ட வேலஃபோருக்கு 800,000. தெரியாமல் போய் நிற்பவர் ஒரே அடியில் சாய்வார். பெசெய்ட், மக்கலானியா கோயில்களில் 'டிஸ்ட்ரக்‌ஷன் ஸ்ஃபியர்' என்ற உருண்டையால் திறக்கும் மறைபெட்டிகள் உண்டு. முதல்முறை போகும்போதே அவற்றை எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால், சீமோரின் தாய் கதையோடு தொடர்புடைய சக்தி உருவைப் பெறும் வழி அந்த அரக்கர்களைத் தாண்டித்தான். முதல் கோயில் விளையாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். அங்கிருந்து வெளியேறும் முன் பெட்டி திறந்ததா என்று பார்த்துக்கொள்வது நல்லது.